வாடகை டயர்

ஜூன் 3

இதய டாக்டர் சொல்லித்தான் இந்த நோட்டு. தினமும் எடை, எத்தனை படி ஏறினேன், எந்தப் படியில் மூச்சு வாங்கியது என்று எழுதி வர வேண்டுமாம். எழுதினால் வால்வு தானாக மூடிக்கொள்ளும் போலிருக்கிறது.

முதல் பக்கத்தில் பெயர், வயது, தொழில் என்று கோடு போட்டிருக்கிறது. எழுதினேன். வையாபுரி. அறுபத்திரண்டு. ஓய்வு பெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர். லாரிக்காரர்கள் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரி ஊர்களிலேயே சுற்றிச் சுற்றி முப்பத்தோரு வருஷம்.

எடை 71. படி பதினொன்று. பன்னிரண்டாவதில் நின்று, செல்போனில் ஏதோ பார்ப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டேன். பின்னால் வந்தவனுக்கு ஒன்றும் தெரியாது.

இந்த நோட்டை என் மனைவி பூங்கோதை எடுத்துப் படிப்பாள் என்று நினைக்கிறேன். அதனால் எழுதக்கூடியதை மட்டுமே எழுதுவேன்.

ஜூன் 5

எடை 71.2. படி பத்து.

மைத்துனன் முத்துவேல் வந்தான். பூங்கோதையின் தம்பி. பள்ளிபாளையத்தில் செல்போன் கவர் விற்கிறான். அதற்கு ஒரு கடை, கடைக்கு ஒரு கண்ணாடிக் கதவு, கதவில் இவன் போட்டோ. பூண்டுச்சாற்றில் தேன் கலந்து குடித்தால் நாற்பத்தெட்டு நாளில் வால்வு ஒழுகல் நின்றுவிடும் என்று ஒரு வீடியோ காட்டினான். பேசுகிற ஆசாமி வெள்ளைக் கோட்டு போட்டிருந்தான். கோட்டு போட்டவனெல்லாம் டாக்டர் என்றால் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் சலூன்காரனும் டாக்டர்தான்.

"மாமா, குடிச்சுத்தான் பாருங்களேன். என்ன நட்டம்?" என்றான்.

"நீ குடி. உன் மூளைக்கு எதாவது ஒழுகல் இருந்தால் நிற்கும்," என்றேன்.

சிரித்தான். இவனைத் திட்டினால் சிரிப்பான். அந்தக் குடும்பத்துக்கே ரோஷம் கிடையாது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அவனுடைய காரிலேயே கூட்டிப்போகிறானாம். சரி என்றேன். பஸ்ஸில் என்னால் நிற்க முடியாது.

ஜூன் 9

கோயம்புத்தூர். அறுவை டாக்டர் ரோஸ்லின். நாற்பது வயதுகூட இருக்காது, ரப்பர் பேண்டில் முடியைக் கட்டிக்கொண்டு கல்லூரி மாணவிபோல் வந்தார். என் இதயத்தை யாரிடம் கொடுக்கிறேன் பாருங்கள் என்று நினைத்தேன். ஆனால் பேச ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டேன். வேலை தெரிந்த ஆளைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

ஒரு பொம்மை இதயத்தை மேசைமேல் வைத்துச் சொன்னார். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வு சரியாக மூடவில்லை. ரத்தம் பின்னால் திரும்பி நுரையீரல் பக்கம் முட்டுகிறது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது. மாத்திரை தள்ளிப்போடும், சரிசெய்யாது. ஆபரேஷன்தான்.

"ரெண்டு வழி இருக்கு சார். ஒண்ணு, நடு நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து பண்றது. எலும்பு கூட ரெண்டு மூணு மாசம் ஆகும். இன்னொண்ணு, வலது பக்கம் விலா நடுவுல நாலு விரல் அகலத்துக்கு ஒரு திறப்பு. கேமரா விட்டு அது வழியா சரி பண்றது. எலும்பை அறுக்க வேண்டாம், சீக்கிரம் நடமாடலாம். ஆனா எல்லாருக்கும் அது பொருந்தாது."

"எனக்கு நாலு விரல் போதும்," என்றேன்.

"அத நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு பண்ணணும். அந்த வழியில போறப்ப வலது நுரையீரலைக் காத்து இல்லாம சுருக்கி வெச்சுட்டுத்தான் வேலை பார்ப்போம். முன்னாடி எப்பவாவது டிபி வந்து, நெஞ்சுல நீர் கோத்து, அந்தப் பக்கம் நுரையீரல் சுவரோட ஒட்டிக்கிட்டு இருந்தா அது கிழியும். ரத்தம் நிக்காது. அதனால கேக்கறேன். சின்ன வயசுல டிபி, நீர் எடுத்தது, எதாவது?"

நான் பதில் சொல்வதற்குள் பூங்கோதை முந்திக்கொண்டாள்.

"இவருக்கு அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர். எங்கப்பாவுக்குத்தான் நெஞ்சு சரியில்லாம இருந்துச்சு. அவருகிட்ட இருந்து எங்க பொண்ணுக்குக்கூட ரெண்டு வயசுல வந்துருச்சுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இல்லை," என்றேன்.

ஜூன் 10

எடை 71.4. படி ஒன்பது.

ஜூன் 12

அடுத்த தெரு சதாசிவம் நலம் விசாரிக்க வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். ஐந்து வருஷம் முன்னால் பைபாஸ் செய்துகொண்டவர். நலம் விசாரிப்பது சும்மா. சட்டைப் பட்டனைக் கழற்றி நெஞ்சுத் தழும்பைக் காட்டத்தான் வருகிறார். கழுத்துக்குக் கீழே தொடங்கித் தொப்பைவரை. கல்யாண வீடு, ரேஷன் கடை, எங்கே ஆள் கிடைத்தாலும் பட்டனில் கை போய்விடும். நல்லவேளை, கீழே ஆபரேஷன் செய்யவில்லை.

"நாலு விரல் துவாரத்துல என்னத்தங்க தெரியும்? தொறந்து பார்த்தாத்தான் திருப்தி," என்றார்.

யாருக்குத் திருப்தி என்று கேட்டேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 14

எடை 71.5. படி எட்டு. ராத்திரி இரண்டு தலையணை.

பூங்கோதை அன்றைக்கு டாக்டரிடம் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. அவளுடைய அப்பா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டியவர். முப்பது வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்று எந்நேரமும் இருமுவார். 1991இல் எங்கள் மகள் சிந்துவுக்கு இரண்டு வயது. காய்ச்சல் விடவில்லை, எடை ஏறவில்லை. டிபி என்று சொல்லி ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இப்போது பெங்களூரில் நன்றாக இருக்கிறாள்.

இருமுகிற கிழவன்தான் குழந்தைக்கு ஒட்டவைத்துவிட்டான் என்று என் அம்மா சொன்னாள். இனி வீட்டுக்குள் வரக் கூடாது என்றாள். அவரும் வாதாடவில்லை. மாதம் ஒரு தடவை முத்துவேல் அவரைச் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டி வருவான். கேட்டுக்கு வெளியே நிற்பார். துண்டை வாயில் வைத்து, இருமல் வந்தாலும் அடக்கி அடக்கி முகம் சிவந்துபோகும். தூரத்தில் நின்று பேத்தியைப் பார்த்துவிட்டு, முறுக்குப் பொட்டலத்தைக் கம்பியில் மாட்டிவிட்டுப் போவார். பேத்தியைத் தொடாமலே 94இல் செத்துப்போனார்.

வீட்டுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். அம்மா சொன்னது அன்றைக்குச் சரியாகத்தான் பட்டது.

நான் 86இல் ஒன்பது மாதம் ஓசூரில் வேலையாக இருந்தேன். இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 18

மறுபடி கோயம்புத்தூர். ஸ்கேன், மூச்சு ஊதும் சோதனை. போன வாரம் முழுக்கப் பலூன் வாங்கி வைத்து ஊதிப் பழகினேன். காலையில் இருமல் மருந்தை இரண்டு மடங்கு குடித்துவிட்டுப் போனேன். ஊதியதைப் பார்த்துவிட்டு அந்த டெக்னீஷியன் பெண், "இந்த வயசுக்கு சூப்பருங்க சார்," என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "வலது பக்கம் அடியில லேசா ஒரு தடிப்பு தெரியுது. ஒட்டியிருக்கா இல்லையான்னு படத்தை மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. பழைய நிமோனியாவா?"

"ஆமாம். நிமோனியா," என்றேன். பூங்கோதை பக்கத்தில்தான் இருந்தாள்.

"சரி. அப்ப வலது பக்கமே போகலாம். இருபத்தஞ்சாம் தேதி ஆபரேஷன். முந்தின நாள் வந்துருங்க."

எத்தனை சுலபம். லாரிக்குத் தகுதிச் சான்று கிடைத்ததுபோல், எஃப்.சி. பாஸ்.

வெளியே உட்கார்ந்திருந்தபோது ஒரு ஆள் என் முன்னால் வந்து கும்பிட்டான். "ஏனுங்க, பிரேக் இன்ஸ்பெக்டர் ஐயாதானுங்களே?" சென்னியப்பன். சங்ககிரி லாரிக்காரன். ஒரு காலத்தில் மூன்று வண்டி வைத்திருந்தான். இவனுக்கும் வால்வுதானாம். ஒரு மாதம் முன்னால் இதே ரோஸ்லின், இதே நாலு விரல் துவாரம். மாடுபோல் நடக்கிறான்.

பூங்கோதையும் முத்துவேலும் மருந்து வாங்கப் போயிருந்தார்கள். நான் பழைய பெருமையை அவிழ்த்துவிட்டேன். லாரிக்கு வருஷா வருஷம் தகுதிச் சான்று வாங்க வேண்டும், அதுதான் எஃப்.சி. மொட்டை டயரில் ஓடுகிற பயல்கள் அன்றைக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு வருவார்கள். சான்று கையில் வந்ததும் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய டயரை மாட்டிக்கொண்டு போவார்கள். என்னிடம் மட்டும் அது நடக்காது. நான் டயரைப் பார்க்கவே மாட்டேன். சக்கரத்து நட்டைப் பார்ப்பேன். புதிதாகக் கழற்றி மாட்டிய நட்டில் துரு இருக்காது.

"முப்பத்தோரு வருஷத்துல ஒருத்தன் என்னை ஏமாத்தினதில்ல, சென்னியப்பா," என்றேன்.

அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் ஏமாத்திருக்கறனுங்க," என்றான். "ரெண்டாயிரத்தி நாலு. நீங்க நட்டத்தான் பாப்பீங்கன்னு எல்லாத்துக்கும் தெரியும். ரெண்டு நாள் முன்னாடியே வாடகை டயர மாட்டி, நட்டு மேல உப்புத் தண்ணி ஊத்தி ஊத்தி வெச்சேனுங்க. நல்லா துரு புடிச்சிருச்சு. நீங்க குனிஞ்சு பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டீங்க. அன்னைக்கு ஓட்டல்ல எல்லாத்துக்கும் பிரியாணி வாங்கிப் போட்டேன். பிரேக் இன்ஸ்பெக்டரையே ஏமாத்திட்டேன்னு அவ்வளவு சந்தோசம்."

"அடப்பாவி," என்றேன்.

"நாலாம் நாள் தொப்பூர் மலையில, திருப்பி மாட்டுன பழைய முன் டயர் வெடிச்சு வண்டி பள்ளத்துல போயிருச்சுங்க. ஓட்டுனது என்ற தம்பி. இருவத்தாறு வயசு. உங்களத்தான் ஏமாத்தறேன்னு நெனச்சனுங்க. மலையில எறங்குனது நீங்க இல்லியே."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அதனாலதாங்க இந்த டாக்டரம்மா கேட்டப்ப பீடி, சாராயம், பழைய சீக்கு ஒண்ணு விடாம சொல்லிப்புட்டேன். இங்க வந்தும் வாடகை டயரா?"

ஜூன் 19

எழுதவில்லை. எடை பார்க்கவில்லை.

ஜூன் 20

பூங்கோதை படித்தால் படிக்கட்டும்.

ஓசூர் இல்லை. பெருந்துறை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒருத்தன் பெருந்துறைக்குப் போனான் என்றாலே டிபி ஆஸ்பத்திரிக்குப் போனான் என்றுதான் அர்த்தம். அதனால்தான் அம்மா ஓசூரில் வேலை என்று கதை கட்டினாள். வலது நெஞ்சில் நீர் கோத்து மூன்று முறை ஊசி போட்டு எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் ஒன்பது மாதம் மாத்திரை நிறுத்தாமல் தின்னச் சொன்னார்கள். ஏழாவது மாதம் பெண் பார்த்து நிச்சயம் ஆயிற்று. மாத்திரை டப்பாவோடு மாப்பிள்ளையா? கிணற்றில் போட்டேன்.

91இல் எனக்கு மறுபடி இருமல் வந்தது. சிந்துவுக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்னால். அவள் என் நெஞ்சில்தான் படுத்துத் தூங்குவாள். எனக்கு என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. சேலத்தில் ஒரு டாக்டரிடம் வேறு பெயர் சொல்லி மருந்து வாங்கி, ஆபீஸ் மேசையில் பூட்டி வைத்துச் சாப்பிட்டேன். வீட்டில் அம்மா கிழவனைக் கைகாட்டினாள். அம்மாவுக்கும் தெரியும். அவள் யாரைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருஷம் லாரிக்காரப் பயல்களைக் காறித் துப்பிக்கொண்டிருந்தேன். தூ.

ஜூன் 21

காலையில் சொல்லிவிடலாம் என்று அடுப்படிவரை போனேன். பூங்கோதை தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க?" என்றாள். "உப்பு ஜாஸ்தி," என்றேன். இன்னும் சாப்பிடவே இல்லை. என்னைவிடக் கேவலமான ஒருத்தனை நான் எஃப்.சி. மைதானத்தில்கூடப் பார்த்ததில்லை.

யாருக்கும் தெரியாமல் டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிடலாம். உயிர் தப்பும், மானமும் தப்பும். இதுவும் நட்டுக்கு உப்புத் தண்ணி ஊற்றுகிற வேலைதான் என்று தெரிகிறது. நம்பரை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 22

எடை 72. படி ஆறு. போன் செய்யவில்லை.

ஜூன் 24

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. முத்துவேல் எனக்காக ரத்தம் கொடுத்தான். ஒட்டிய பஞ்சோடு வராந்தாவில் நின்று வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டான். இதைக்கூட விளம்பரமாக்காமல் இவனால் இருக்க முடியாதா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் டாக்டர் ரோஸ்லின் சம்மதப் படிவத்தோடு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் பூங்கோதை சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். வலது பக்கத் திறப்பு. வலது நுரையீரல். முன்பு டிபி இல்லை. பேனாவை நீட்டினார்.

"இருந்துச்சு," என்றேன்.

"என்ன சார்?"

"டிபி. எண்பத்தாறுல. பெருந்துறையில. வலது பக்கம் மூணு தடவை நீர் எடுத்தாங்க. நிமோனியா இல்ல. பொய் சொன்னேன்."

டாக்டர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. "மாத்திரை முழுசா சாப்பிட்டீங்களா?"

"ஏழு மாசம். அப்புறம் கல்யாணம் நிச்சயமாச்சு. நிறுத்திட்டேன். தொண்ணூத்தொண்ணுல மறுபடி வந்துச்சு."

பூங்கோதையின் கையில் பாதி உரித்த சாத்துக்குடி. "தொண்ணூத்தொண்ணுலயா?" என்றாள். பிறகு டாக்டரிடம் திரும்பி, "சிந்துவுக்கு வந்ததும் அந்த வருசந்தானுங்க," என்றாள்.

"இத்தனை வருஷம் கழிச்சு யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர்.

"என்னால முடியும்," என்றேன். "எங்கிட்ட இருந்துதான் வந்துச்சு. உங்கப்பா இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் சாத்துக்குடியைத் தட்டில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். எழுந்து வெளியே போய்விட்டாள்.

"நாளைக்கு வலது பக்கம் போயிருந்தா டேபிள்லயே சிக்கலாயிருக்கும் சார்," என்றார் டாக்டர். "இனி நடு நெஞ்சுதான். இன்னும் சில டெஸ்ட் பார்க்கணும், ரெண்டு நாள் தள்ளி வெச்சுக்கலாம். சொன்னது நல்லதாப் போச்சு."

நல்லதாம். நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்து அவள் வந்தாள். மீதிச் சுளைகளை உரித்து என் கையில் கொடுத்தாள்.

ஜூலை 10

எழுந்து உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் முடிந்தது. வால்வைச் சரிசெய்துவிட்டார்கள். வலது நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு அப்படியே ஒட்டியிருந்ததைப் பார்த்ததாக டாக்டர் சொன்னார். எனக்கு நடு நெஞ்சில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல். அறுத்த எலும்பைக் கம்பி போட்டு முறுக்கி வைத்திருக்கிறார்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு இருமச் சொன்னார்கள். இல்லாவிட்டால் உயிர் போகிற வலி.

வீட்டுக்கு வந்து நாலு நாள். பூங்கோதை மருந்து கொடுக்கிறாள், முதுகு துடைத்துவிடுகிறாள், கஞ்சி வைக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை.

இன்றைக்கு நானே கேட்டேன், இந்த நோட்டைப் படித்தாயா என்று.

"அதப் படிச்சு என்னத்தப் பண்ண? ஊர்ல இருக்கற எல்லாரையும் வஞ்சு வெச்சிருப்பீங்க," என்றாள்.

யாருக்குப் பயந்து ஓசூர் என்று எழுதினேன் நான்!

போனவள் திரும்பி வந்து கதவோரம் நின்றாள். "எங்கப்பா கேட்டுக்கு வெளிய நின்னப்பல்லாம் நீங்க எங்க இருந்தீங்க?"

"உள்ளே."

"பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"எங்கிட்டச் சொன்னது பத்தாது," என்றாள். "எங்கப்பனச் சைக்கிள்ல வெச்சு மிதிச்சுட்டு வந்தவன் ஒருத்தன் இருக்கறான். அவங்கிட்டச் சொல்லுங்க. சிந்துகிட்டயும் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். உங்க வாயால நீங்களே சொல்லணும்."

ஜூலை 11

சிந்துவுக்குப் போனில் சொன்னேன். "தாத்தா மூஞ்சிகூட எனக்கு ஞாபகம் இல்லப்பா," என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூலை 14

சதாசிவம் காலையில் வந்தார். என் தழும்பைக் காட்டச் சொன்னார். இரண்டு பேரும் பட்டனைக் கழற்றி அளந்துபார்க்கலாம் என்று ஆசை. காட்டவில்லை.

பதினொரு மணிக்கு முத்துவேல் வந்தான். கையில் முறுக்குப் பொட்டலம். பேச ஆரம்பித்துவிட்டான். கடைக்கு எதிரில் புதிதாக ஒருத்தன் கடை போட்டது, ஆபரேஷன் ஆனவர்கள் பப்பாளி சாப்பிடலாமா என்று ஒரு வீடியோ. நான் கையைத் தூக்கி நிறுத்தினேன்.

சொன்னேன். பெருந்துறை, மாத்திரை, கிணறு, சேலத்து டாக்டர், ஆபீஸ் மேசை. உங்கப்பா குழந்தைக்கு ஒன்றும் ஒட்டவைக்கவில்லை, தெரிந்தேதான் உள்ளே உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொன்னால் அவன் எதையோ தரவேண்டியிருக்கும்.

வாய் ஓயாத பயல், பொட்டலத்து நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பூங்கோதை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்தான். போய்விடுவான் என்று நினைத்தேன். போகட்டும், காறித் துப்பிவிட்டே போகட்டும்.

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. தலையணை கால்மாட்டில் கிடந்தது. கைக்கு எட்டவில்லை. எலும்பு பிளந்துவிடும் என்று பயந்து வாயைப் பொத்தி அடக்கினேன். கண்ணில் நீர் கொட்டியது.

அவன் தலையணையை எடுத்தான். என் நெஞ்சின்மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான்.

"அடக்காதீங்க மாமா," என்றான். "எங்கப்பன்தான் இந்த ஊட்டு வாசல்ல நின்னு அடக்கிட்டே கெடந்தாரு. நீங்க இருமுங்க."

இருமினேன். நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான்.